இடது காதுக்கும் வலது பாக்கெட்டுக்கும் நடுவில்: உடலில் அணியும் கருவிகளின் சிக்னல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதில் இயர்பட்ஸ், மணிக்கட்டில் வாட்ச், நெஞ்சில் ஈ.சி.ஜி. பட்டை, பேன்ட் பாக்கெட்டில் போன். நான்கும் ஒரே ஆளின் மேல்தான் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஒன்றரை மீட்டர்கூடத் தள்ளி இல்லை. இருந்தும் நடுவில் சிக்னல் அறுபடுகிறது. இதைப் பற்றி நண்பர்களும் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை கீழே. தனியாகச் சொல்லாத இடங்களிலெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஓடுவது அங்கேதான்.

வீட்டுக்குள் இயர்பட்ஸ் ஒழுங்காகப் பாடுகிறது. மைதானத்தில் நடக்கப் போனால் விட்டு விட்டுப் பாடுகிறது. வெளியில் தடையே இல்லையே, அங்கே இன்னும் நன்றாக அல்லவா எடுக்க வேண்டும்?

தடை வெளியில் இல்லை. நீங்கள்தான் தடை.

போன் வலது பின் பாக்கெட்டில் இருக்கிறது. போனோடு பேசுகிற பட் இடது காதில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நேர்கோடு போட்டால் இடுப்பு, வயிறு, மார்பு, தோள், கழுத்து என்று கோடு முழுக்கச் சதைக்குள்தான் போகும். வீட்டிலும் அதே கதைதான். ஆனால் வீட்டில் சுவர் இருக்கிறது. பின்பக்கமாகக் கிளம்பிய அலை பீரோவில் பட்டு, சுவரில் பட்டு, கூரையில் பட்டு, சுற்றி வந்து காதைத் தொட்டுவிடும். நேர்வழி அடைத்திருந்தாலும் சுற்றுவழி பத்து இருக்கிறது. மைதானத்தில் அது இல்லை. தரையிலிருந்து கொஞ்சம் திரும்பி வரும், அவ்வளவுதான். மற்றபடி போன அலை போனதுதான்.

இதை நான் நம்பியது கண்ணால் பார்த்த பிறகு. ஒரு நண்பனின் நெஞ்சில் ஒரு சின்ன புளூடூத் போர்டையும் முதுகில் இன்னொன்றையும் மைக்ரோபோர் டேப்பால் ஒட்டினோம். நெஞ்சுப் போர்டு நொடிக்குப் பத்து முறை ஒரு குட்டித் தகவல் பொட்டலத்தை அனுப்பும். முதுகுப் போர்டு அதைக் கேட்டால் ஒரு பச்சை எல்.இ.டி. சிமிட்டும். அறைக்குள் எல்.இ.டி. பதற்றமே இல்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. மொட்டை மாடிக்கு அழைத்துப்போய் நடுவில் நிறுத்தியதும் தடுமாறியது. அப்புறம் அணைந்தே போனது. "படிக்கட்டு அறைப் பக்கம் போடா" என்றேன். சுவருக்கு இரண்டடி முன்னால் போய் நின்றான். பச்சை திரும்ப வந்தது. போர்டை யாரும் தொடவில்லை, இரண்டுக்கும் இடையே இருந்த தூரமும் ஒரு சென்டிமீட்டர் மாறவில்லை.

உடலில் அணியும் கருவிகளின் விஷயத்தில் தூரத்தைக் கேட்பது பாதி வீண். உடம்பு எந்த நிலையில் இருக்கிறது, பக்கத்தில் சுவர் இருக்கிறதா, இந்த இரண்டையும் கேட்க வேண்டும்.

உடம்பு அவ்வளவு தடுக்குமா? எண்ணில் சொல்லுங்கள்.

முதலில் டெசிபெல்லைப் பேசிவிடலாம். 3 டெசிபெல் இழப்பு என்றால் சக்தி பாதியாகிவிட்டது. 10 என்றால் பத்தில் ஒன்று, 20 என்றால் நூறில் ஒன்று, 60 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று.

தசையில் பெரும்பகுதி உப்புத்தண்ணீர். 2.45 கிகாஹெர்ட்ஸில் தசையின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்ற எண்) சுமார் 53, மின்கடத்துத்திறன் மீட்டருக்குச் சுமார் 1.7 சீமென்ஸ். இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அலை ஒவ்வொரு சென்டிமீட்டர் தசைக்குள் போகும்போதும் சுமார் 4 டெசிபெல் இழக்கும் என்று வரும். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்பு என்றால் 80 டெசிபெல். அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும். நடுவில் நுரையீரலில் காற்று இருக்கிறது, எலும்பு இருக்கிறது, அதனால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனாலும் 'நெஞ்சைத் துளைத்துக்கொண்டு முதுகுக்குப் போகிறது' என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

கொழுப்பு வேறு மாதிரி. அதில் தண்ணீர் குறைவு, விடுதிறன் 5-ஐ ஒட்டித்தான், இழப்பும் சொற்பம். 'குண்டாக இருந்தால் சிக்னல் வராதா' என்று கேட்பவர்களுக்கு: கொழுப்பு குடிப்பது குறைவு. சுற்றளவு கூடுவதால் அலை சுற்றிப் போகிற வழி நீள்கிறதே, அதுதான் பெரிய செலவு.

அப்படியானால் நெஞ்சிலிருந்து முதுகுக்கு எப்படித்தான் போகிறது?

தோலை ஒட்டி ஊர்ந்து போகிறது. விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்ததன் நெருங்கிய சொந்தம் இது. வளைந்த பரப்பின் மேல் அலை தவழ்ந்து போகும். போகப் போக உடம்பை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வெளியேயும் போகும், கொஞ்சம் தோலுக்குள்ளேயும் போகும். 90 சென்டிமீட்டர் சுற்றளவு மார்பில் அரைச்சுற்று 45 சென்டிமீட்டர். வெட்டவெளியில் அதே 45 சென்டிமீட்டருக்கு 33, 34 டெசிபெல் இழப்புதான். உடம்பைச் சுற்றிப் போனால் 60, 70 சாதாரணம்; அதைத் தாண்டுவதும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ஊர்ந்து போகும் அலை இடப்பக்கமாகவும் போகும், வலப்பக்கமாகவும் போகும். முதுகில் இரண்டும் சந்திக்கும். நெஞ்சுக் கருவிக்கு நேர் பின்னால், தண்டுவடத்தின் மேல், இரண்டும் ஒரே தூரம் நடந்து வந்திருப்பதால் கைகோத்துக்கொள்ளும், சிக்னல் கூடும். கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு வழி நீளும், மறு வழி குறுகும். வித்தியாசம் அரை அலைநீளம் ஆகும்போது ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சிக்னல் பள்ளத்தில் விழும். அலைநீளம் 12 சென்டிமீட்டர், அரை என்றால் 6. 3 சென்டிமீட்டர் தள்ளினாலே வித்தியாசம் 6 ஆகிவிடும். இரண்டு விரல் அகலம்! 'நேற்று வேலை செய்தது, இன்று அதே இடத்தில்தான் ஒட்டினேன், வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை.

சிக்னல் இப்படி ஏறி இறங்குவதை ஃபேடிங் என்கிறார்கள். டவர் சிக்னலுக்கும் அதே சொல்தானே? இதில் புதிதாக என்ன?

சொல் ஒன்றுதான்: வந்துகொண்டிருந்த சிக்னலின் அளவு நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குவது. டவர் விஷயத்தில் டவர் நிற்கிறது, நீங்கள் நகர்கிறீர்கள். தூரத்தால் வரும் இழப்பு, கட்டடத்தின் நிழலால் வரும் இழப்பு, எதிரொளிப்புகள் ஒன்றோடொன்று மோதுவதால் வரும் வேகமான துடிப்பு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் கணக்குப் போடலாம். உடம்பில் அந்தப் பிரிவினை குழம்பிவிடுகிறது. தூரம் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. நிழல் போடுகிற பொருளும் ஆன்டெனாவைச் சுமக்கிற பொருளும் ஒன்றே. கை ஆடும்போது தூரம், நிழல், ஆன்டெனா பார்க்கும் திசை மூன்றும் ஒரே அசைவில் மாறுகின்றன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முயன்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நடக்கும்போது வாட்சுக்கும் போனுக்கும் இடையே என்ன நடக்கிறது?

வாட்ச் இடது மணிக்கட்டில், போன் வலது இடுப்பில் என்று வையுங்கள். கை முன்னால் வரும்போது வாட்சிலிருந்து வயிற்றின் முன்பக்கமாக ஒரு வழி கிடைக்கிறது. கை உடம்பை ஒட்டித் தொங்கும் நொடியில் இடுப்பு முழுசாக மறைக்கிறது. பின்னால் போனதும் முதுகுப் பக்கமாக வேறு வழி. வரைபடத்தில் பார்த்தால் ஈ.சி.ஜி. மாதிரியே இருக்கும். நடைக்கு ஏற்ற தாளத்தோடு மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். ஒரு முழுக் கைவீச்சுக்கு ஏறத்தாழ ஒரு நொடி ஆகிறது. அதற்குள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 20 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் வருவது புதிதல்ல.

வேகம் என்று பார்த்தால் இது மெதுவான ஃபேடிங். கை நொடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால் டாப்ளர் விலகல், அதாவது அசைவால் அலைவரிசை மாறும் அளவு, 8 ஹெர்ட்ஸ்தான். காரில் போகிறவருக்கு இது எவ்வளவோ மடங்கு அதிகம். மெதுவாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றும். அப்படி இல்லை. மெதுவாக மாறும் சிக்னல், பள்ளத்தில் விழுந்தால் மெதுவாகத்தான் எழுந்திருக்கும்.

பொட்டலம் தொலைந்தால் திரும்ப அனுப்பலாமே? புளூடூத் அதைச் செய்யாதா?

செய்யும். ஆனால் எப்போது அனுப்புகிறது என்பதில்தான் விஷயம். புளூடூத் லோ எனர்ஜியில் (பேட்டரியைச் சிக்கனமாகச் செலவழிக்கும் புளூடூத் வகை) கருவிகளின் இரண்டு சந்திப்புகளுக்கு இடையே வழக்கமாகக் குறைந்தது 7.5 மில்லிநொடி, அதிகபட்சம் 4 நொடி. கை உடம்புக்குப் பின்னால் 200 மில்லிநொடி ஒளிந்திருக்கிறது என்றால், 7.5 மில்லிநொடி கழித்துத் திரும்ப அனுப்புவதும் அதே பள்ளத்துக்குள்தான் விழும். இருபது தடவை தட்டினாலும் கதவு மூடியேதான் இருக்கும். பாட்டு கேட்கும் கருவிகள் இதைச் சமாளிப்பது முன்கூட்டியே கொஞ்சம் ஒலியைச் சேமித்து வைத்துக்கொண்டுதான். கேம் விளையாட 'லோ லேட்டன்சி' (தாமதம் குறைந்த) முறையைப் போட்டதும் அறுபடுவது கூடுகிறதே, அந்தச் சேமிப்பைக் குறைத்துவிட்டதன் விளைவு அது.

ஈ.சி.ஜி., உடல் வெப்பம் மாதிரித் தகவல்களுக்கு அவசரம் இல்லை. கருவியிலேயே சேமித்துவைத்து, வழி கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடலாம். மாணவர் ப்ராஜெக்ட்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இங்கேதான்: சேமிப்பே இல்லாமல் நேரலையாக அனுப்பிவிட்டு, 'சிக்னல் மோசம்' என்று ஆன்டெனாவைத் திட்டுவது.

புளூடூத் அலைவரிசை மாற்றி மாற்றித் தாவுகிறதே, அது பள்ளத்திலிருந்து காப்பாற்றாதா?

அறைக்குள் காப்பாற்றும், மைதானத்தில் அநேகமாகக் காப்பாற்றாது. காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

புளூடூத்துக்கு இருக்கும் அகலம் 80 மெகாஹெர்ட்ஸ் அளவு. இரண்டு வழிகளுக்கு இடையே தூர வித்தியாசம் 6 மீட்டர் என்றால் (சுவரில் பட்டு வந்தது என்று வையுங்கள்), ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவும்போது அவற்றின் கட்ட வித்தியாசம் (ஓர் அலையின் ஏற்ற இறக்கம் மற்றதைவிட எவ்வளவு பிந்துகிறது என்பது) ஒன்றரைச் சுற்றுக்கும் மேல் மாறிவிடும். ஓரிடத்தில் மோதிக்கொண்டவை இன்னோர் இடத்தில் சேர்ந்துகொள்ளும். தாவினால் லாபம். மைதானத்தில் இருப்பது உடம்பைச் சுற்றிய இரண்டு வழிகள் மட்டும். வித்தியாசம் 10 சென்டிமீட்டர்தான். 80 மெகாஹெர்ட்ஸ் முழுக்கத் தாவினாலும் கட்டம் ஒரு சுற்றில் முப்பதில் ஒரு பங்குகூட நகராது. எந்தச் சேனலுக்குப் போனாலும் அதே பள்ளம். உடம்பின் நிழல் எல்லாச் சேனல் மேலும் சமமாக விழுகிறது.

சக்தியைக் கூட்டி அனுப்பினால் முடிந்ததல்லவா?

10 டெசிபெல் கூட்ட வேண்டுமென்றால் பத்து மடங்கு சக்தி. இயர்பட் பேட்டரி ஏறத்தாழ ஒரு நிலக்கடலை அளவு இருக்கும். அது இதைத் தாங்காது.

மொத்தக் கணக்கையும் பாருங்கள். 1 மில்லிவாட், அதாவது 0 டி.பி.எம். (1 மில்லிவாட்டைப் பூஜ்யமாக வைத்து எண்ணும் டெசிபெல்), அனுப்புகிறோம். நல்ல சிப் ஒன்று மைனஸ் 95 டி.பி.எம். வரை கேட்கும். கையிருப்பு 95 டெசிபெல். உடம்பைச் சுற்றிப் போக 70. தோலை ஒட்டிய சின்ன ஆன்டெனாக்கள் ஆளுக்கு 5-லிருந்து 10 வரை தின்றுவிடும். மிச்சம் 5-லிருந்து 15 டெசிபெல்தான். தலையைத் திருப்பினாலே போய்விடும் அளவு அது. பாட்டுக்கு வேகமான முறையில் அனுப்பினால் சிப்பின் காதும் கொஞ்சம் மந்தமாகும், அதையும் கழிக்க வேண்டும்.

தூங்கும்போது ஏன் மணிக்கணக்கில் தகவல் வருவதில்லை?

நடையில் பள்ளம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். தூக்கத்தில் முடியாது. ஒருக்களித்துப் படுத்து, கருவி மேலேயே ஆள் படுத்துக்கொண்டால், அடுத்துப் புரளும் வரை அதுதான் நிலை. ஆஸ்திரேலியாவின் நிக்டா ஆய்வு மையத்தில் டேவிட் ஸ்மித், லீஃப் ஹான்லன் குழுவினர் தூங்கும் ஆட்களின் மேல் கருவிகளைக் கட்டி இதை அளந்திருக்கிறார்கள். சராசரி இழப்பைப் பார்த்தால் பிரச்சினை பெரிதாகத் தெரியாது. இணைப்பு தொடர்ந்து எவ்வளவு நேரம் அறுந்திருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். நோயாளியைக் கண்காணிக்கும் கருவிக்கு இந்த இரண்டாவது எண்தான் உயிர். சராசரியை மட்டும் போட்டு விற்கப்படும் கருவிகளை நான் நம்புவதில்லை.

படுக்கையிலேயே இன்னொரு பெறும் கருவி இருந்தால், அதாவது போனைத் தலையணை ஓரத்திலும் இன்னொன்றைச் சுவர்ப் பக்கத்திலும் வைத்தால், இரண்டும் ஒரே நேரத்தில் மறைவது அபூர்வம்.

மூச்சு விட்டாலுமா மாறும்?

மாறும். மார்பு ஏறி இறங்குவதில் ஆன்டெனாக்களின் இடமும் கோணமும் துளி நகர்கின்றன. அசையாமல் உட்கார்ந்திருப்பவரிடம் சிக்னல் அளவில் மூச்சின் அலை தெளிவாகத் தெரியும். இதையே திருப்பிப் போட்டு, சிக்னலைப் பார்த்து மூச்சை எண்ணும் ஆய்வுகளும் நடக்கின்றன. ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்குத் தகவல்.

ஆன்டெனாவை எப்படி வைத்தால் நல்லது?

இரண்டு விஷயம். ஒன்று, மின்புலம் தோலுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தோலோடு படுத்த மின்புலத்தை உடம்பு கிட்டத்தட்ட ஒரு உலோகத் தகடு மாதிரி அமுக்கிவிடும். நிமிர்ந்து நிற்பது பரப்பை ஒட்டி நல்ல தூரம் தவழும். பாடப்புத்தகத் தளவிளைவு நிஜ வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்கு இது பதில். அதனால்தான் உடம்பிலிருந்து உடம்புக்கே பேச வேண்டுமானால் தோலிலிருந்து ஆணி மாதிரி எழும்பி நிற்கும் மோனோபோல் ஆன்டெனா நன்றாக இருக்கிறது. ஆனால் நெஞ்சில் 3 சென்டிமீட்டர் ஆணியோடு யார் திரிவார்கள்? ஆகவே உயரம் குறைந்த, ஆனால் அதே மாதிரி கதிர்வீசும் வடிவங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பர்மிங்ஹாமில் பீட்டர் ஹாலும் லண்டன் குயின் மேரியில் யாங் ஹாவோவும் இந்தத் துறையில் ரொம்பக் காலமாக வேலை செய்தவர்கள். தட்டையான பேட்ச் ஆன்டெனா உடம்பைவிட்டு வெளியே பார்க்கும். எதிரில் மேஜை மேல் இருக்கும் கருவியோடு பேச அது பொருத்தம், முதுகோடு பேச இல்லை.

இரண்டாவது, சுருதி. மேஜை மேல் 2.45-க்குச் சரியாக மீட்டிய ஆன்டெனாவைத் தோலில் ஒட்டியதும் அதன் ஒத்ததிர்வு கீழே இறங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் ஈரச் சதையின் விடுதிறன் அப்படி இழுக்கிறது. நடுவில் சில மில்லிமீட்டர் ஃபோம் வைத்தாலே நிறைய மீளும். போர்டை வாங்கி வெட்டவெளியில் அளந்து 'எல்லாம் சரி' என்று டிக் போடுவதில் அர்த்தமில்லை. ஆள் மேல் ஒட்டித்தான் அளக்க வேண்டும்.

வியர்வை, மழையில் நனைந்த சட்டை?

1 மில்லிமீட்டர் தண்ணீர்ப் படலம் உறிஞ்சிக்கொள்வது அரை டெசிபெல்கூட இல்லை. ஆன்டெனாவின் மேலேயே தண்ணீர் நின்றால்தான் தொல்லை; சுருதி கலையும். துடைத்தால் சரியாகிவிடும்.

இரண்டு ஆன்டெனா வைத்தால்?

இருப்பதிலேயே உருப்படியான மருந்து அதுதான் என்பது என் கருத்து. ஒரே இடத்தில் இரண்டு வைப்பதைவிட, உடம்பின் வெவ்வேறு பக்கத்தில் வைப்பது மேல். ஒன்று நிழலில் இருக்கும்போது மற்றது வெளிச்சத்தில் இருக்க வேண்டும். முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று; எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும் எளிய முறையே போதும்.

அது முடியாவிட்டால் கைமாற்று. நெஞ்சிலிருந்து முதுகுக்கு நேராக அனுப்பாமல், விலாவில் இருக்கும் மூன்றாவது கருவி வாங்கிக் கைமாற்றும். ஒரு 70 டெசிபெல் தாண்டலுக்குப் பதில் இரண்டு சின்னத் தாண்டல். செலவு: விலாக் கருவியின் பேட்டரியும் கொஞ்சம் தாமதமும்.

இயர்பட்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன? நடுவில் தலை இருக்கிறதே?

தலைதான் வில்லன். 15 சென்டிமீட்டர் அகலம், உள்ளே முழுக்க ஈரம். ஆரம்ப கால ஒயர் இல்லாத இயர்பட்ஸில் ஒரு பட் போனிடமிருந்து வாங்கி அடுத்த காதுக்கு அனுப்பியது. அந்த அலை தலையைச் சுற்றி ஊர வேண்டும், அல்லது சுவரை நம்ப வேண்டும். இதிலிருந்து தப்பிக்கக் காது கேட்கும் கருவிகள் செய்தவர்கள் ரேடியோவையே விட்டுவிட்டுக் காந்தத் தூண்டலுக்குப் போனார்கள். 10 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு காதில் சுருள், மறு காதில் சுருள். காந்தப்புலத்தைச் சதை ஒன்றும் செய்வதில்லை, எனவே தலை கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் புலம் தூரத்தின் கனத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் விழும். தூரம் பத்து மடங்கானால் 60 டெசிபெல் காலி. காதிலிருந்து காதுக்குப் போதும், பாக்கெட் வரை எட்டாது. 2016-இல் வந்த பிராகி டேஷ் இயர்பட்ஸ் இந்த வழியைத்தான் எடுத்தது.

2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட புளூடூத் ஒலி முறையான எல்.இ. ஆடியோவில் போனே இரண்டு காதுக்கும் தனித்தனியாக அனுப்பும். தலையைத் தாண்டும் வேலை மிச்சம். ஆனால் பாக்கெட்டிலிருந்து தூரக் காதுக்குப் போகும் வழி இன்னமும் உடம்பைச் சுற்றித்தான்.

ரேலி, ரைஸ், நாககாமி: சிக்னல் எந்த அளவில் எவ்வளவு அடிக்கடி வரும் என்று சொல்லும் நிகழ்தகவுப் பரவல்களில் எதை வைத்துக் கணக்குப் போடுவது? ப்ராஜெக்ட் கைடு கேட்கிறார்.

கைடுக்குப் பிடித்ததை, என்று சொல்ல ஆசைதான். பொருளைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். நேர்வழி எதுவுமில்லாமல் பல சின்ன வழிகள் சமமாகச் சேர்ந்தால் ரேலி. ஒரு பலமான வழி மட்டும் தனித்து நின்றால் ரைஸ். பெல் ஆய்வகத்தின் ஸ்டீபன் ரைஸ் 1940-களில் கொடுத்தது. மினோரு நாககாமி அதே காலத்தில் ஜப்பானில் சிற்றலை வானொலியின் ஃபேடிங்கைப் பார்த்து எழுதியது நாககாமி-எம். வளைந்துகொடுக்கும், அதனால் எதிலும் ஓரளவு பொருந்தும். ஒன்றன்பின் ஒன்றாகப் பல தடைகள் பெருக்கலாகச் சேர்ந்தால் லாக்நார்மல். உடம்பில் அசைவு பெரிதாக இருக்கும்போது லாக்நார்மலும் காமாவும் நன்றாகப் பொருந்துகின்றன. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் சைமன் காட்டனும் வில்லியம் ஸ்கேன்லனும் கப்பா-மியூ பரவலைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். அது பிரேசிலின் மிஷெல் யாக்கூப் உருவாக்கியது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நிற்பது, நடப்பது, படுப்பது மூன்றின் தரவையும் ஒரே குடத்தில் கொட்டிவிட்டு ஒரு வளைகோட்டைப் பொருத்துவது. பொருந்தும். அதற்கு அர்த்தம்தான் இருக்காது.

உடம்புக்குள் வைக்கும் கருவிகளும் 2.4-இல்தானா?

பேஸ்மேக்கர் மாதிரி உள்ளே இருப்பவற்றுக்கு 402-லிருந்து 405 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள், அமெரிக்காவில் 1999-இல். அனுமதித்த சக்தி வெறும் 25 மைக்ரோவாட். அந்த அலைவரிசையில் அலை தசைக்குள் இன்னும் ஆழமாகப் போகும், காற்றில் அலைநீளமும் 74 சென்டிமீட்டர் என்பதால் உடம்பைச் சுற்றி வளைவதும் எளிது. பின் ஏன் இயர்பட்ஸ் அங்கே போகவில்லை என்றால், ஒதுக்கீடு மருத்துவக் கருவிகளுக்கு. 3 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் எத்தனை பேர் பாட்டுக் கேட்பது? ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும்.

உடம்பையே ஒயராக்க முடியாதா?

முடியும். 1990-களின் நடுவில் தாமஸ் ஜிம்மர்மன் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார் (மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி., குரோம்பேட்டை இல்லை). கைகுலுக்கினால் விசிட்டிங் கார்டு தகவல் உடம்பு வழியாக மாறும். உடலில் அணியும் கருவிகளுக்கென்றே 2012-இல் வந்த ஐ-டிரிப்பிள்-ஈ 802.15.6 தரநிலையில் இதற்கு 21 மெகாஹெர்ட்ஸில் ஓர் இடம் உண்டு. அந்தத் தரநிலை நல்ல தரநிலை: ஒரு மையக் கருவியோடு 64 கருவிகள் வரை சேரலாம், மேலே சொன்ன கைமாற்றும் உண்டு. ஆனால் கடையில் பார்க்க முடியாது. அது வெளிவரும் முன்பே புளூடூத் லோ எனர்ஜி போன்களுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லோர் பாக்கெட்டிலும் ஏற்கெனவே இருப்பதை எந்தத் தரநிலையாலும் எளிதில் ஜெயிக்க முடியாது.

இவ்வளவு சிக்னலை உடம்பு குடிக்கிறது என்கிறீர்கள். ஆபத்து இல்லையா?

குடிக்கும் விகிதம் பெரிது. குடிக்கக் கிடைப்பது சொட்டு. சாதாரண புளூடூத் கருவி 2.5 மில்லிவாட். பழைய 2ஜி போன் காதோரத்தில் உச்சமாக 2 வாட் வரை வீசியது, 800 மடங்கு. போனிடமிருந்து உடம்பு உறிஞ்சும் சக்திக்கு இந்தியாவில் உள்ள உச்சவரம்பு 1 கிராம் திசுச் சராசரியில் கிலோவுக்கு 1.6 வாட், இயர்பட் அதன் பக்கத்திலேயே வராது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு. புளூடூத் சிக்னல் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போனில் போடுங்கள். அளவு மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 நல்லது, மைனஸ் 90 மோசம். வாட்சையோ ஒரு சாவி டேகையோ நெஞ்சில் வைத்து, போனைக் கையை நீட்டி முன்னால் பிடித்து எண்ணைப் பாருங்கள். அப்புறம் டேகைப் பின் பாக்கெட்டில் போட்டுவிட்டு அதே மாதிரி பாருங்கள். அறை நடுவில் ஒரு தடவை, மொட்டை மாடி நடுவில் ஒரு தடவை. ஒரே எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எண் தன்பாட்டுக்குக் குதிக்கும். ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் நின்று, அதிகம் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கடைசியாக: போனை எந்தப் பாக்கெட்டில் வைக்க?

வெட்டவெளி என்றால் சட்டைப் பாக்கெட்டில். டி-ஷர்ட் போட்டிருந்தால் பேன்ட்டின் முன் பாக்கெட். பின் பாக்கெட் வேண்டவே வேண்டாம். இடதா வலதா என்பது உங்கள் பட்ஸில் எந்தப் பக்கம் போனோடு பேசுகிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பெட்டியில் போட்டிருக்க மாட்டார்கள். இடது பாக்கெட்டில் வைத்து ஒரு சுற்று, வலதில் வைத்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். எதில் குறைவாக அறுபடுகிறதோ அதிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.